பெரட்டுப் புத்தகம்

வியாழக்கிழமை மத்தியானம் சலோமி மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சலோமி சிஸ்டர்ங்களா? நான் ஷர்வின் பேசுறேன், சித்தியவான்லேருந்து. ஞாயித்துக்கெழம உங்க கோயிலுக்கு வாரேன்ல, அதுக்குத்தான்."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாரோ?

பதினாலு மாதமாக ஆத்தங்கரைத் தோட்டத்துக் கோயிலுக்குக் குருவானவர் இல்லை. புந்தோங்கில் ஒன்று, சுங்கை சிப்புட்டில் ஒன்று, தோட்டத்தில் இது ஒன்று என்று மூன்று சின்னச் சபைகளுக்கும் சேர்த்து ஒரே குருவானவர்தான் இருந்தார், எல்லாரும் ஐயர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் இருந்தவர், ஓய்வு பெற்று மகளோடு பினாங்குக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். முதலாமவர் ஆற்றுப் பாலத்தையும் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் ரோட்டையும் பார்த்துவிட்டு, "நல்ல அமைதியான இடம்" என்றார். அதோடு சரி. இரண்டாமவர் கோலாலம்பூரிலேயே இருந்துவிட்டார். ஷர்வின் மூன்றாவது ஆள். ஒரு ஞாயிறு ஆராதனை நடத்திப் பார்ப்பார். அவருக்கும் சம்மதம், பேராயர் அலுவலகத்துக்கும் சம்மதம் என்றால் வருவார்.

"சொல்லுங்க பாஸ்டர்."

"நற்கருணை அப்பம் நானே எடுத்துட்டு வாரேன். உங்க படிவத்துல சராசரி நாப்பத்தி மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. அம்பது எடுத்துட்டு வந்தா போதுமா? மிஞ்சிப்போனா கஷ்டம் லா சிஸ்டர். ஆசீர்வாதம் பண்ணினத டப்பாவுல போட்டுத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, எல்லாத்தயும் நானே தின்னு முடிக்கணும்." அவர் சிரித்தார்.

சலோமி சிரிக்கவில்லை. அவள் கண்முன் கோயில் பெஞ்சுகள் வந்து நின்றன. போன ஞாயிறு முதல் பெஞ்சில் நல்லம்மாள் அக்கா. அடுத்ததில் மூன்று பேர். அதற்கும் பின்னால்... எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று. அதற்கு முந்தின வாரமும் பதிமூன்று.

படிவத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதியது அவள் கைதான்.

"சிஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் பாஸ்டர். அம்பது போதும்."

ஃபோனை வைத்த பிறகு மீனை எடுத்தாள். ஏற்கனவே செதில் எடுத்த மீனையே மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தாள்.

•

அவள் பொய் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்ததை எழுதினாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். கோயிலைக் கட்டிய உபதேசியார் வாரநாளில் கங்காணி. ஆட்களைக் கூட்டிவைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிந்ததும் நீளப் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். வந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். தோட்டத்துப் பெரட்டில் ஆள் இல்லாவிட்டால் பெயர் போச்சு, அன்றைய சம்பளமும் போச்சு. கோயில் பெரட்டும் அப்படி இருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தவனுக்கும் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளுக்கும் வீட்டு ஆள் பதில் சொன்னால் போதும், அதற்கும் ஒரு சரி போட்டார்.

உபதேசியார் போய்விட்டார். ரப்பர்ப் பால் வெட்டிய கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கமுந்திங் ஃபேக்டரிகளுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். புத்தகத்தில் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. தம்பிக்கு அக்காவும் மகனுக்கு அப்பாவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய பெயரை எடுக்க ஒரே வழி, அடக்கத்துக்குப் பிறகு ஐயர் தன் கையால் சிவப்புப் பென்சிலில் கோடு போடுவது. வேறு யாரும் போடக் கூடாது.

பதினாலு மாதமாக ஐயர் இல்லை. அதற்குள் மூன்று அடக்கம் ஆகியிருந்தது. தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு குருவானவர் ஜெபம் செய்து, குழி மூடியதும் காரில் ஏறிப் போய்விட்டார். மூன்று பெயர்களும் கோடு படாமல் கிடந்தன. மூன்றாவது பெயர் ஆசீர்வாதம். சலோமியின் கணவன்.

அவர்தான் கோயில் காரியங்களைப் பார்க்கும் வார்டனாக இருந்தவர். அவர் இறந்ததும் புத்தகம் அவள் கைக்கு வந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயரை அவளே வாசிக்கிறாள். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. வாசித்த மூச்சிலேயே சரி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

பழைய ஐயர் படிவங்களை அவரே எழுதி அனுப்பிவிடுவார். இந்த வருடம்தான் அவள் எழுதினாள். ஞாயிறு வருகை, பன்னிரண்டு மாதச் சராசரி என்று கேட்டிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து சரிகளைக் கூட்டி வகுத்தாள். நாற்பத்து மூன்று. அதன் கீழே சின்ன எழுத்தில், வருகை இருபத்தைந்துக்குக் குறைவான சபைகள் அருகிலுள்ள சபையோடு இணைக்கப்படும், அங்கே தனியாக ஆராதனை நடக்காது என்று இருந்தது. அதைப் படித்து அவள் நிம்மதியாக மூச்சு விட்டதுகூட நினைவிருக்கிறது. நல்ல வேளை, நமக்கு நாற்பத்து மூன்று.

எப்படித் தோன்றாமல் போயிற்று? ஒவ்வொரு ஞாயிறும் காலி பெஞ்சுகளைத் துடைத்தவள் அவள்தானே?

•

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் சுகுமாரன் வந்தான். ஆசீர்வாதத்தின் தம்பி, ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறான், இன்னொரு வார்டன். அவனிடம் சொன்னாள்.

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அலாமாக் அண்ணி! செத்தவங்களயும் சேத்து எழுதி அனுப்பிட்டியா?"

"சிரிக்காத."

"சரி சரி. இப்ப என்ன, முப்பது பேரு வேணும். அவ்வளவுதானே? ஞாயித்துக்கெழம பஸ் சும்மாதான் நிக்குது. எங்க ஃபேக்டரியில நேப்பாளப் பையனுங்க இருக்கானுங்க. அதுல நாலு பேரு நம்மள மாதிரி கிறிஸ்தவங்கதான், கித்தார் வாசிச்சிப் பாடுவானுங்க. மத்தவனுங்கள பின்னால உக்கார வெச்சி ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் குடுத்தா முடிஞ்சது."

"ஐயர் அவனுங்ககிட்ட பேர் கேட்டா?"

"சாமுவேல்னு சொல்லச் சொல்றேன்."

"இருபத்தாறு சாமுவேலா?"

இந்த முறை அவளுக்கே சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. சுகுமாரன் நாற்காலியில் சாய்ந்தான்.

"புந்தோங் ஆளுங்கள கேக்கலாம்னா, அவங்க வரமாட்டாங்க. நம்ம கோயில மூடினா அவங்களுக்குத்தானே நல்லது? ஐயர் முழுசா அவங்களுக்கே." பிறகு குரலைத் தணித்தான். "நீ எழுதுனது பொய் இல்ல அண்ணி. புக்குல இருந்தத எழுதுன."

"எழுதுனது பொய் இல்ல. நேத்து ஃபோன்ல சொன்னது?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது, "இப்பவே ஃபோன் போட்டு சொல்லிடு லா," என்றான்.

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். சொன்னால் அவர் வரமாட்டார். அவருக்குச் சித்தியவானில் வீடு இருக்கிறது, மனைவிக்குப் பள்ளிக்கூடத்து வேலை இருக்கிறது, சின்னக் குழந்தை இருக்கிறது. பதிமூன்று பேருக்காக யார் அதையெல்லாம் விட்டுவிட்டு வருவார்கள்? சொல்லாவிட்டால் ஞாயிறு காலை ஐம்பது அப்பத்தோடு நின்று, வந்தவர்களை எண்ணுவார். எண்ணிவிட்டு அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று வெவ்வேறு விதமாக நினைத்துப் பார்த்தாள். ஃபோனைத் தலைகீழாக மேசையில் வைத்தாள்.

சனிக்கிழமை கோயிலைக் கூட்டிக் கழுவினாள். பின்வரிசைப் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிப் பார்த்தாள். கோயில் கொஞ்சம் நிறைந்தது போலத் தெரிந்தது. பிறகு அதுவும் ஒரு பொய்தானே என்று பட, ஒவ்வொன்றாகத் திரும்ப இழுத்துப் போட்டாள். இடுப்பு விட்டுப்போயிற்று. புத்தகத்தைப் பீடத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நாளைக்குப் பெரட்டு வேண்டாம். ஐயருக்கு அந்த வழக்கம் தெரியாது. யாரும் கேட்கமாட்டார்கள்.

•

ஞாயிறு ஒன்பதே காலுக்கு வெள்ளை மைவி கார் செம்மண் தெறிக்க வந்து நின்றது. ஷர்வினுக்கு முப்பத்தாறு வயதிருக்கும். முன்தலை கொஞ்சம் வழுக்கை. மனைவி தினேஸ்வரி தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"ரோட்டுல மாடு படுத்துக் கெடந்துச்சி சிஸ்டர், எழும்பவே மாட்டேங்குது. கடைசியில இவதான் எறங்கிப் போய்க் கெஞ்சினா."

"பசியாறிட்டீங்களா பாஸ்டர்?"

"ஆச்சு, ஆச்சு."

ஒன்பதரைக்கு ஆராதனை. ஒன்பது இருபத்தைந்துக்கே வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. அங்கி போட்டுக்கொண்டு அவர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சின்ன மேசையில் தட்டு நிறைய காசு அளவில் மெல்லிய வெள்ளை அப்பங்கள், ஒன்றன்மேல் ஒன்றாய்.

"மழனால லேட் ஆகுதோ? கொஞ்சம் பொறுப்போமா?"

"பொறுக்கலாம்," என்றாள் சலோமி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பத்து நிமிடம் பொறுத்தார்கள். கூரைத் தகரத்தில் தங்கியிருந்த மழைநீர் சொட்டுவது கேட்டது. குழந்தை ஒருமுறை சிணுங்கியது. ரோட்டில் ஏதோ மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தபோது ஷர்வின் வாசலைப் பார்த்தார். அது நிற்காமல் போய்விட்டது. சுகுமாரன் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, ஆரம்பிப்போம்," என்றார் ஷர்வின்.

முதல் பாட்டு முடிந்தது. அவர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஏம்மா சலோமி," என்றது முதல் பெஞ்சு. நல்லம்மாள் அக்கா. நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவள். மெல்லப் பேசத் தெரியாது. "பெரட்டு எடுக்கலயா? ஐயர் வந்த அன்னிக்கே மறந்துட்டியா?"

"இன்னிக்கி வேணாம்க்கா..."

"நல்லா இருக்கே! பேர் கூப்பிடாம நான் எப்பவும் மண்டி போட்டதில்ல. நான் வந்தேனா இல்லயான்னு எனக்கே தெரியாம போயிடும் லா."

பெஞ்சுகளில் சிரிப்பு. ஷர்வினும் புரியாமல் சிரித்து, "என்னா வழக்கமோ, அதயே செய்ங்க சிஸ்டர்," என்றார்.

சலோமி அலமாரியைத் திறந்தாள். புத்தகத்தை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"அன்னபாக்கியம்."

"இருக்கேன்."

"எட்வின்."

"சிங்கப்பூர்ல இருக்கான். நான் சொல்றேன், அவன் அக்கா."

"கிருபாவதி."

"கிள்ளான்ல கட்டிக் குடுத்துட்டோம். நல்லா இருக்கா."

"மோசஸ்."

"நைட் ஷிஃப்ட் முடிச்சித் தூங்குறான்."

"மூணு வருஷமாவா தூங்குறான்?" என்றாள் நல்லம்மாள். மறுபடி சிரிப்பு.

ஷர்வின் சிரிக்கவில்லை. அவர் பெஞ்சுகளைப் பார்ப்பதும், அவள் கையில் பென்சில் அசைவதைப் பார்ப்பதும் சலோமிக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒவ்வொரு சரிக்கும் அவர் பார்வை ஒருமுறை திரும்பியது. அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. அவர் என்ன முடிவுக்கு வந்து சேர்வார் என்று தெரிந்தும், நடுவில் நிறுத்த முடியாமல் வாசித்துக்கொண்டே போனாள். பக்கம் திருப்பினாள்.

"ஆசீர்வாதம்."

எப்போதும் போல அதே மூச்சில் சரி போட வேண்டும். பென்சில் தாளில் பட்டது. அசையவில்லை.

ஒருவரும் பேசவில்லை. நல்லம்மாள்கூட.

கூரையிலிருந்து சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"பாஸ்டர்," என்றாள். "இவரு என் வீட்டுக்காரரு. எட்டு மாசம் முன்ன அடக்கம் பண்ணியாச்சு. ஐயர்தான் கோடு போடணும், ஐயர் இல்ல. நான் வாராவாரம் சரி போட்டுக்கிட்டு இருக்கேன்." புத்தகத்தை மூடாமல் நிமிர்ந்தாள். "இவரு மாதிரி மூணு பேரு. வெளியூர்ல இருபத்தேழு பேரு. இங்க இருக்கறது பதிமூணு. எல்லாம் சேத்துத்தான் நாப்பத்தி மூணு. எழுதும்போது எனக்குத் தெரியல. வியாழக்கெழம நீங்க கேட்டப்ப தெரிஞ்சிச்சி. அப்பவும் அம்பது போதும்னு சொன்னேன். அது பொய். நீங்க அப்பத்த ஆசீர்வாதம் பண்றதுக்கு முன்ன சொல்லணும்னு..."



ஷர்வின் அவளையே பார்த்தார். அவள் நினைத்து வைத்திருந்த எந்தப் பார்வையும் அது இல்லை. கோபமா, களைப்பா, சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "மீதிப் பேரையும் வாசிங்க," என்றார்.

வாசித்தாள்.

காணிக்கைப் பாட்டின்போது அவர் சின்ன மேசைக்குப் போனார். டப்பாவைத் திறந்து, தட்டிலிருந்த அப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டார். பாட்டு முடிந்துவிட்டது. அவர் முடிக்கவில்லை. எல்லாரும் நின்றபடியே பார்த்தார்கள். அப்பத்துக்குக் கனம் கிடையாது, சத்தமும் கிடையாது. சலோமி எண்ணினாள். முப்பத்தாறு உள்ளே போயிற்று. தட்டில் பதினாலு. பதிமூன்று பேருக்கும் அவர் மனைவிக்கும். பெரிய அப்பம் ஒன்று அவருக்குத் தனியாக இருந்தது.

அவள் கையில் அவர் அப்பத்தை வைத்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

•

ஆராதனை முடிந்து வெளியே மேசை போட்டு மீ கோரெங்கும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஷர்வின் எல்லாரோடும் பேசினார். சுகுமாரன் நேப்பாளப் பையன்கள் கதையைச் சொல்லிவிட்டான். தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளம்பும்முன் ஷர்வின் சலோமியை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"படிவத்த நீங்களே திருத்தி எழுதிக் குடுங்க சிஸ்டர். நான் நாளைக்கி பேராயர் ஆபீசுக்குப் போறேன், நேராக் குடுத்துடுறேன்."

வெள்ளைத் தாளில் எழுதினாள். 13. எவ்வளவு சின்ன எண் என்று தோன்றியது. இருபத்தைந்தில் பாதி.

புத்தகத்தை அவர்முன் வைத்து, சிவப்புப் பென்சிலை நீட்டினாள். "கோடு மட்டுமாவது போட்டுட்டுப் போங்க பாஸ்டர். மூணு பேருக்கும்."

அவர் பென்சிலை வாங்கினார். ஆசீர்வாதத்தின் பெயரைப் பார்த்தார். பிறகு பென்சிலைப் புத்தகத்தின் மேல் கிடத்தினார்.

"இது உங்க ஐயர் போடவேண்டிய கோடு. நான் இன்னும் உங்க ஐயர் இல்லயே."

கார் போன பிறகும் அவள் கோயில் வாசலில் நின்றாள். அவர் சொன்னது இல்லை என்பதா, இன்னும் இல்லை என்பதா? திரும்பத் திரும்ப அந்தக் குரலைக் காதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டது.

திங்கள் போயிற்று. செவ்வாய் ஃபோன் வரவில்லை. புதன்கிழமை நல்லம்மாள் அக்காவுக்கு மூச்சு வாங்க, சுகுமாரன் அவளை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தான். அன்று சலோமி ஃபோனைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழன் மத்தியானம் அடித்தது.

"ஷர்வின் பேசுறேன் சிஸ்டர். ஆபீஸ்ல பேசியாச்சு." அவர் நிறுத்தினார். "தனிச் சபையா வெக்க முடியாதுன்னுட்டாங்க. பதிமூணு ரொம்பக் கம்மி. புந்தோங்கோட சேத்துட்டாங்க. ஆனா கோயில இப்ப மூட வேணாம்னு கேட்டேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு அங்க ஆராதனை வெக்கலாம், அடுத்த ஈஸ்டர் வரைக்கும். அப்புறம் பாப்பாங்க."

"யாரு... யாரு வருவாங்க பாஸ்டர்?"

"நான்தான். மூணு எடத்துக்கும் ஒத்துக்கிட்டேன். மாசத்துல முதல் ஞாயிறு உங்களுக்குத்தான், இந்த வாரமே வாரேன்." ஏதோ தாள் புரளும் சத்தம். "எத்தன அப்பம் எடுத்துட்டு வரட்டும்?"

அவள் வாயைத் திறந்தாள். பதிமூன்று என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பன்னெண்டு பாஸ்டர். நல்லம்மாக்காவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."



"எந்த வார்டு?"

சொன்னாள்.

"சரி, இன்னிக்கி சாயங்காலம் போய்ப் பாக்குறேன். ஞாயித்துக்கெழம பதிமூணாவே எடுத்துட்டு வாரேன். கோயில்ல முடிஞ்சதும் அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடலாம், நீங்களும் வாங்க." பிறகு மெதுவாக, "அந்தச் செவப்புப் பென்சில சீவி வைங்க சிஸ்டர்," என்றார்.

அவள் சரி என்றாள்.

அலமாரியிலிருந்து புத்தகத்தையும் பென்சிலையும் வீட்டுக்கு எடுத்து வந்தாள். மேசையில் பழைய பேப்பரை விரித்து, பென்சில் துருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பென்சில் முனை மழுங்கி, மரத்துக்குள் புதைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள்.